உப்புக் காற்றில் வண்டிக்கு பெயின்ட்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேசுவரம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று நம் ராமநாதபுரம் கடலோரம் முழுக்க, வீட்டு முற்றத்திலேயே இருசக்கர வண்டிக்கு பெயின்ட் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடிக்கிற கை நல்ல கை, வாங்கியதும் நல்ல பெயின்ட். ஆனாலும் சில மாதத்தில் டேங்க் ஓரத்தில் கொப்புளம், மட்கார்டில் துரு. இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை பெயின்ட் டப்பாவில் பிறப்பதில்லை. தகட்டில் ஒட்டியிருக்கும் உப்பு, தேய்க்கும்போது ஊற்றும் தண்ணீர், காற்றிலிருக்கும் ஈரம் இந்த மூன்றில் ஒன்றில்தான் பிறக்கின்றன. எந்தக் கோளாறானாலும் முதலில் இவற்றைச் சந்தேகப்படுங்கள். பெயின்ட்டைக் குறை சொல்வது அப்புறம்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புக்கு, அரிப்பைத் தாங்குவதற்காக பாலிசிலோக்சேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். நம் வண்டியும் அதே காற்றில்தான் நிற்கிறது. வண்டிக்கு அந்தப் பூச்சு தேவையில்லை. அந்த இரும்பைச் சுத்தம் செய்வதில் காட்டும் கவனம் கட்டாயம் தேவை.

அறிகுறி: சில வாரம், சில மாதம் கழித்து சின்னச் சின்னக் கொப்புளங்கள்

டேங்கின் அடி விளிம்பு, மட்கார்டின் உள்மடிப்பு, ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றியுள்ள இடம் இங்கெல்லாம் கடுகளவில் கூட்டமாக எழும்பும். ஒன்றைக் குண்டூசியால் குத்திப் பாருங்கள். நீர் கசிந்தால் அடியில் உப்பு. செம்பழுப்புத் தூள் வந்தால் துருவை முழுக்க எடுக்காமல் மூடியிருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லாமல் காலியாக இருந்தால், முதல் கோட் காயும் முன் அடுத்த கோட் ஏறி, பெயின்ட்டை இளக்கச் சேர்க்கும் தின்னர் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. இந்த வகை பெரும்பாலும் அடித்த ஒன்றிரண்டு நாளிலேயே தலைகாட்டிவிடும்.

நீர்க் கொப்புளம்தான் நம் ஊருக்கே உரியது. பெயின்ட் படலம் ஈரத்தை முழுக்கத் தடுப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். அடியில் உப்பு இருந்தால் அந்த ஈரத்தை இழுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்கும். பள்ளியில் படித்த சவ்வூடு பரவல்தான் இது. நீர் சேரச் சேர அழுத்தம் கூடி, பெயின்ட் தகட்டை விட்டு எழும்புகிறது. பிறகு அந்த உப்பு நீரே தகட்டையும் அரிக்கிறது.

உப்பு எப்படி அடியில் போனது? கடற்காற்று ஒரு வழி. தனுஷ்கோடி சாலையில் அரிச்சல்முனை வரை ஒருமுறை போய் வந்தாலே வண்டியின் அடிப்பக்கமெல்லாம் பிசுபிசுப்பு தெரியும். பின்னால் மீன் பெட்டி கட்டும் வண்டியென்றால் சொல்லவே வேண்டாம், ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பின் மட்கார்டு உப்பில் ஊறியிருக்கும். இந்த வழியை எல்லோரும் யோசிக்கிறார்கள். இன்னொரு வழியைத்தான் கவனிப்பதில்லை: வாட்டர் பேப்பர் (தண்ணீர் ஊற்றித் தேய்க்கும் தாள்) போடும்போது வாளியில் வைத்திருக்கும் தண்ணீர். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் தேய்த்து அதிலேயே கழுவினால், தகட்டின் மேல் முதலில் அடிக்கும் பிரைமருக்கு அடியில் உப்பை நாமே தடவி வைக்கிறோம்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கண்ணாடித் துண்டையோ பளபளப்பான கருப்புப் பிளாஸ்டிக் மூடியையோ துடைத்து வைத்து, வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு, குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில் ஒரு சொட்டு, பக்கத்தில் பக்கத்தில் விட்டு நிழலில் காயவிடுங்கள். தண்ணீர் உப்பென்றால், காய்ந்ததும் வாளிச் சொட்டின் விளிம்பில் வெள்ளை வளையம் நிற்கும். விரல் நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும். கேன் சொட்டு இருந்த இடம் கிட்டத்தட்டத் தெரியாது. தகட்டைக் கழுவி முடித்த பிறகு, கீழே வடியும் கடைசித் தண்ணீரிலும் ஒரு சொட்டு எடுத்து இதேபோல் காயவிடுங்கள். வளையம் வந்தால் இன்னும் கழுவ வேண்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். உப்புத்தாள் போடும் முன்பே கழுவ வேண்டும். முதலில் தேய்த்தால், மேலே கிடக்கும் உப்பு, துரு தின்ற குழிகளுக்குள் அழுத்தி ஏறிவிடும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் எளிதில் வராது. சோப்புத் தண்ணீரில் ஒருமுறை, கேன் தண்ணீரில் இரண்டுமுறை கழுவி, அதன் பிறகு 80 அல்லது 120 எண் தாளால் துருவை எடுத்து, மறுபடி கேன் தண்ணீரில் கழுவி, உடனே துணியால் துடைத்து வெயிலில் காயவிடுங்கள். ஒரு டேங்குக்கும் இரண்டு மட்கார்டுக்கும் ஒரு கேன் தாராளம். மொத்தச் செலவில் இதைவிட மலிவான பொருள் இல்லை, இதைவிடப் பலன் தருவதும் இல்லை.

கொப்புளம் வந்துவிட்ட இடத்தை மேலோட்டமாகத் தேய்த்து டச்சப் செய்வதில் பயன் இல்லை. அடிவரை எடுக்க வேண்டும். கொப்புளத்தைச் சுற்றி நல்லதாகத் தெரியும் பெயின்ட்டையும் ஒரு விரல் அகலம் எடுத்துவிடுங்கள், அதற்கு அடியிலும் அரிப்பு ஓடியிருக்கும்.

அறிகுறி: தேய்த்த தகடு கண்ணெதிரே பழுப்பாகிறது

பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய் வந்தால் மெல்லிய ஆரஞ்சுப் படலம். ஈரக் காற்றும் மிச்ச உப்பும் சேர்ந்த வேலை. அதன் மேலேயே பிரைமர் அடிக்காதீர்கள். மறுபடி கழுவி, 180 தாளால் லேசாகத் தேய்த்து, காய்ந்த உடனே பிரைமர். மொத்தத் தகட்டையும் ஒரே நாளில் தேய்க்க ஆசைப்படாமல், அன்றைக்குப் பிரைமர் போட முடிகிற அளவுக்கு மட்டும் தேய்த்தால் போதும். வெறும் தகட்டின் மேல் ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலக்கும் எபாக்சி பிரைமர்தான் இந்தக் கடலோரத்துக்கு நல்லது. ஒற்றை டப்பாவில் வரும் சாதாரணச் சாம்பல் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். அது மட்டும் அடித்து வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அடியில் துரு ஓடும்.

பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியும் அப்படித்தான். வெறும் தகட்டில் பட்டி வைத்து, தண்ணீர் ஊற்றித் தேய்த்தால், அந்தத் தண்ணீரைப் பட்டி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எபாக்சி பிரைமருக்கு மேல் பட்டி, பட்டியைத் தண்ணீர் இல்லாமல் உலர்த்தாளால் தேய்ப்பது, அதற்கு மேல் மறுபடி பிரைமர் என்று வையுங்கள்.

அறிகுறி: பெயின்ட் காயும்போது பால் படிந்த மாதிரி வெள்ளை மூட்டம்

ஸ்பிரே டப்பாவிலும், சீக்கிரம் காயும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட்டிலும் இது அதிகம். கருப்பில் பளிச்சென்று தெரியும். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் ஈர பெயின்ட்டின் மேலேயே படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. ஹார்டனர் கலந்த பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியரில், அதாவது நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற கோட்டில், மூட்டமாக வராமல், பளபளப்பு செத்துப்போனதாகவோ பொடிக் குமிழாகவோ வரும். ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்து வினைபுரிவதுதான் காரணம்.

காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், தகடு பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பத்தைவிட, 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும் என்பது தொழில்முறை பெயின்டர்களின் பொது விதி. நம் ஊர்க் கணக்கில் பார்த்தால் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் இருக்கும் ஒரு காலையில் பனிநிலை சுமார் 26 டிகிரி. தகடு 29-க்கு மேல் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்கத் திறந்த இடத்தில் கிடந்த டேங்க் காலை ஏழு மணிக்கு அந்தச் சூட்டில் இருக்காது.

அதனால் விடியலில் அடிக்காதீர்கள். பனி ஈரம் போன பிறகு, ஒன்பது மணிவாக்கில் தொடங்கி, கடற்காற்று வேகம் எடுக்கும் முன் முடித்துவிடுவது வசதி. வாடைக் காற்றும் மழையுமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் பெயின்ட் வேலையே வேண்டாம். தென்மேற்குப் பருவத்தில் வீசும் கச்சான் காற்று பிடித்துவிட்டால் ஈரத்தைவிட மணல்தான் எதிரி. இரண்டுக்கும் இடையில் மாசி, பங்குனி மாதங்கள் நல்ல சமயம். அவசரம் என்றால் ஒன்று சொல்கிறேன்: டேங்க், சைடு கவர், மட்கார்டு எல்லாம் கழற்றினால் ஒரு சாக்கில் அடங்கும். பரமக்குடிப் பக்கம் உள்ளே தள்ளி உறவினர் வீடு இருந்தால் அங்கே எடுத்துப் போய் அடித்து, காயவைத்துக் கொண்டு வாருங்கள். வண்டி முழுவதும் போக வேண்டியதில்லை.

மூட்டம் வந்துவிட்டதா? லேசானதென்றால் காய விடுங்கள், ஈரமில்லாத ஒரு நாளில் மெதுவாகக் காயும் தின்னரை மென்மையாக ஒரு கோட் தெளித்தால் மேல்படலம் கரைந்து, மாட்டிய ஈரம் வெளியேறிவிடும். அடர்த்தியாக இருந்தால் 800 தாளால் தேய்த்து மறுபடி அடிப்பதுதான். கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் அதன் அடிப்பக்க வால்வைத் தினமும் திறந்து தண்ணீரை வடியுங்கள். இந்தக் காற்றில் கம்ப்ரசர் டாங்கியில் தண்ணீர் சேர்வது ஆச்சரியமில்லை, அதுதான் ஸ்பிரே துப்பாக்கி வழியாகச் சொட்டாக வந்து பெயின்ட்டில் விழும்.

அறிகுறி: அடித்த உடனே வட்ட வட்டக் குழிகள், அந்த இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகுகிறது

எண்ணெய். செயின் ஸ்பிரே, சிலிகான் கலந்த டயர் பாலிஷ், டேங்கில் போட்ட மெழுகு, தேங்காய் எண்ணெய் பட்ட கை இவற்றில் ஏதோ ஒன்று. அடிக்கிற நாளில் பக்கத்தில் யாரும் பாலிஷ் ஸ்பிரே எடுக்கக் கூடாது, அது காற்றிலேயே பரவும். தேய்க்கும் முன் ஒருமுறை, தேய்த்த பின் ஒருமுறை, கிரீஸ் நீக்கும் திரவத்தை ஒரு துணியில் தடவி, அது காயும் முன் இன்னொரு காய்ந்த துணியால் துடைத்தெடுங்கள். ஒரே துணியால் இரண்டையும் செய்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர போகாது. குழி விழுந்த இடத்தை அடுத்த கோட்டால் நிரப்பப் பார்க்காதீர்கள், காயவிட்டுத் தேய்த்து மறுபடி துடைத்து அடியுங்கள்.

அறிகுறி: பழைய பெயின்ட் சுருங்கிச் சுருங்கி எழும்புகிறது

பழைய எனாமலின் மேல் காட்டமான தின்னர் பட்டிருக்கிறது. மறைவான இடத்தில் தின்னர் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். பெயின்ட் இளகினால் அதை முழுக்க எடுத்துவிட வேண்டும்.

அறிகுறி: மேற்பரப்பு சொரசொரப்பு, அல்லது வழிந்து திரை விழுகிறது

கைக்குச் சொரசொரவென்று மணல்போல் இருந்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து தூளாக விழுந்திருக்கிறது. காற்றும் வெயிலும் உள்ள இடத்தில் தூரத்திலிருந்து அடித்தால் இதுதான் நடக்கும். 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரம் வைத்து, மறைப்பு கட்டி அடியுங்கள். ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளமாக இருந்தால் பெயின்ட் கெட்டி, அல்லது காற்றழுத்தம் குறைவு. வழிந்தால் கை நின்றுவிட்டது. மூன்றுக்கும் மருந்து ஒன்றே: கிளியர் நன்றாகக் காய்ந்த பின் 1500, 2000 வாட்டர் பேப்பர், பிறகு ரப்பிங் காம்பவுண்டு. மேட் கிளியர் அடித்திருந்தால் இது செல்லாது, தேய்த்த இடம் பளபளத்து நிற்கும். மேட் பெயின்ட்டில் கோளாறு வந்தால் அந்தப் பாகம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும்.

அறிகுறி: நிறம் சேரவில்லை

இதில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கடையில் போய் "அண்ணே, ஹோண்டா சிவப்பு கால் லிட்டர் குடுங்க" என்றால் ஏதோ ஒரு சிவப்பு கிடைக்கும். நல்ல கடைக்காரர் "கோடு நம்பர் என்ன தம்பி?" என்று கேட்பார். நிறத்தின் குறியீட்டைத்தான் கோடு என்கிறார், அது பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலோ, சேசிஸில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ, சேவைக் கையேட்டிலோ இருக்கும். ஹோண்டாவில் என்.ஹெச்.-1 என்றால் கருப்பு, ஆர் என்று தொடங்கினால் சிவப்பு வகை. விளம்பரத்தில் வரும் நிறப் பெயரை நம்பி வாங்காதீர்கள், கோடுதான் கணக்கு. நம் பக்கம் டப்பாவில் கிடைக்காத நிறத்தை, மதுரையில் கார் பெயின்ட் விற்கும் கடைகளில் கம்ப்யூட்டர் மிக்ஸிங்கில் கலந்து தருவார்கள்.

கோடு சரி, ஆனாலும் புதிய மட்கார்டு பழைய டேங்கைவிட அடர்ந்து தெரிகிறதா? பெயின்ட் சரியாகத்தான் இருக்கிறது. வெளுத்தது உங்கள் டேங்க். இந்த வெயிலில் ஐந்தாறு வருடம் நின்ற வண்டி ஃபேக்டரி நிறத்தில் இருக்காது, சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும். டேங்கை முதலில் ரப்பிங் போட்டுப் பாருங்கள். மேலே சுண்ணாம்புபோல் படிந்த செத்த படலம் போனால் பாதி வித்தியாசம் போய்விடும். மீதியும் உறுத்தினால், கோடு மட்டும் சொல்லாமல் ரப்பிங் போட்ட அந்த டேங்கையோ சைடு கவரையோ கடைக்கே எடுத்துப் போய் அதற்குச் சேர்த்துக் கலக்கச் சொல்லுங்கள். சீட்டுக்கு அடியில் வெயில் படாத இடத்தைக் காட்டாதீர்கள், அது ஃபேக்டரி நிறம். நீங்கள் சேர்க்க வேண்டியது வெளியே தெரியும் நிறத்தோடு.

மெட்டாலிக் நிறம் ஒரு பக்கம் சரியாக, இன்னொரு பக்கம் கருத்துத் தெரிகிறதா? அலுமினியத் துகள்கள் படுத்திருக்கும் விதம்தான் காரணம். நனைய நனைய அடித்தால் துகள் கண்டபடி மூழ்கிப்போய் நிறம் கருக்கும். உலர்வாக, கொஞ்சம் தூரத்திலிருந்து அடித்தால் துகள் தட்டையாக மேலேயே படுத்து வெளுப்பாகப் பளிச்சிடும். ஒரே டப்பா பெயின்ட்டில் இரண்டு நிறம் வரும். அதனால் பாகங்களைத் தனித்தனி நாளில் அடிக்காமல், ஒரே கயிற்றில் தொங்கவிட்டு ஒரே வேகத்தில் சேர்த்து அடியுங்கள். துகள் அடியில் படிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு கோட்டுக்கு முன்பும் கலக்குங்கள், ஸ்பிரே டப்பாவென்றால் உள்ளிருக்கும் குண்டு தட்டுப்பட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள்.

சிவப்பும் மஞ்சளும் எத்தனை கோட் அடித்தாலும் வேறு சாயலில் நிற்கிறதா? அவை அடியை மறைக்காத நிறங்கள். கருஞ்சாம்பல் பிரைமரின் மேல் அடித்த சிவப்பு மங்கும். முத்துப் பளபளப்புள்ள வெள்ளைக்கு அடிநிறம், முத்துக் கோட், கிளியர் என்று மூன்று அடுக்கு உண்டு. முத்துக் கோட்டின் எண்ணிக்கை ஒன்று கூடினாலே நிறம் மாறிவிடும்.

வெயிலில் சேர்கிறது, ராத்திரி டியூப்லைட்டில் சேரவில்லையா? கலந்த நிறமிகள் ஃபேக்டரி நிறமிகளிலிருந்து வேறுபடும்போது அப்படித் தெரியும். பகல் வெளிச்சத்தில் சேர்ந்தால் போதுமென்று விட்டுவிடலாம் என்பது என் எண்ணம், வண்டி ஓடுவது பெரும்பாலும் பகலில்தான்.

ஃபேக்டரியிலிருந்து வந்த புது வண்டியிலேயே டேங்குக்கும் பிளாஸ்டிக் பாகத்துக்கும் நூலளவு வித்தியாசம் இருப்பதுண்டு. தகட்டை 120 டிகிரிக்கு மேல் சூளையில் வேகவைக்கிறார்கள். பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால் அதற்கு வேறு பெயின்ட், குறைந்த சூடு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும் வித்தியாசத்துக்காக மறுபடி தேய்க்க வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை: பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில், வண்டிக்குப் போட்ட அதே பிரைமர், அதே பேஸ் (நிறம் தரும் கோட்), பாதி அட்டைக்கு மட்டும் கிளியர் அடித்து, காய்ந்ததும் டேங்கின் மேல் வைத்துப் பாருங்கள். கிளியர் ஏறாத பேஸ் கோட்டைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யவே கூடாது. கிளியர் ஏறியதும் நிறம் ஆழமாகும்.

அறிகுறி: பிளாஸ்டிக் பாகத்தில் பெயின்ட் தோலாக உரிகிறது

பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிரைமர் போடவில்லை. பாகத்தின் உள்பக்கம் பிளாஸ்டிக்கின் வகை ஏ.பி.எஸ். அல்லது பி.பி. என்று அச்சாகியிருக்கும். பி.பி. என்றால் ஒட்டவைக்கும் தனிப் பிரைமர் இல்லாமல் எதுவும் நிற்காது. கிளியர் மட்டும் தனியாக உரிந்தால், பேஸ் கோட் அடித்து நாள் கடந்த பிறகு கிளியர் அடித்திருக்கிறீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளிக்குள் அடிக்க வேண்டும்.

அறிகுறி: பெட்ரோல் பட்ட இடம் பிசுபிசுக்கிறது

ஒற்றை டப்பாக் கிளியர் எவ்வளவு காய்ந்தாலும் பெட்ரோலில் கரையும். டேங்குக்கு ஹார்டனர் கலந்த கிளியர்தான் போட வேண்டும். அதுவும் முழுக்க இறுக ஒரு வாரமாவது ஆகும், அதுவரை மூடி விளிம்புவரை பெட்ரோல் நிரப்பாதீர்கள். அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமாவை உண்டாக்கும். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் அதைத் தடுக்காது. வடிகட்டிக் குப்பி பொருத்திய முகமூடி, கையுறை, திறந்த இடம் இவை குறைந்தபட்சம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தொடவே வேண்டாம், கிளியர் கோட்டை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். டேங்கைத் தேய்க்கும் முன் பெட்ரோலை வடித்துக் கழுவி, மூடியைத் திறந்து வைத்து ஆவி போக விடுங்கள். பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

நிறத்தையே மாற்றுவதாக இருந்தால்

ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கிறது. அதே நிறம் என்றால் சிக்கலில்லை. வேறு நிறம் என்றால் அடிக்கும் முன் ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யில் மாற்றிக்கொள்ளுங்கள். ராணுவப் பச்சை எனப்படும் ஆலிவ் பச்சையை மட்டும் யோசிக்கவே வேண்டாம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரிய நிறம்.